ரேம் முசேயின் ஜோடிப் பொருத்தம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பேய் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாமி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து, எது முதலில் பேசுவது என்று தெரியாமல் விழித்தவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரேம் பிடித்த மனிதர் என்று ஒருவரைத்தான் பார்த்தேன். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ரேம் என்பது கம்ப்யூட்டருக்குள் செருகுகிற மெமரி. ஒரு சாண் நீளம்கூட வராத மெல்லிய அட்டை. அதன்மேல் வரிசையாகக் கறுப்புச் சில்லுகள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பதைப் போட்டாலே கம்ப்யூட்டர் ஓடும். அது போதாது, கம்பெனி சொன்னதைவிட வேகமாக ஓட வேண்டும் என்று துடிக்கும் கூட்டம் ஒன்று இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்களில் கிளம்பியது. அவர்களுக்காகவே உயர்ந்த ரக ரேம் வெளிநாட்டிலிருந்து வந்தது. சிவப்பு, நீலம், தங்க நிறம் என்று தகட்டுச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வரும். அதில் எது உண்மையாக ஓடும், எது சும்மா மினுக்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில். பிரெஞ்சுப் பழக்கமுள்ள குடும்பத்து ஆண்களை எங்கள் ஊரில் முசே என்போம். அதனால் அவர் ரேம் முசே.

நான் அப்போது மார்க்கெட் பக்கம் ஐஸ் கடை வைத்திருந்தேன். மீன்காரப் பெண்களுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் ஐஸ் உடைத்துக் கொடுப்பேன். அஞ்சாவதோடு நின்ற, நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராத எனக்கு அது பிடித்த தொழில். ஐஸோடு பேச வேண்டியதில்லை. என் கடைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டிதான். அந்த அறைக்கு ஒரு நாள் ஐம்பது வயதில் ஒல்லியாக ஒருவர் குடி வந்தார். மறுநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஜன்னல் கம்பியில் கட்டிய சுருள் ஒயர் ஒன்று அவர் மணிக்கட்டில் போய் முடிந்திருந்தது.

மீன் விற்கும் லூர்தம்மா என் தோளைத் தட்டினாள். "பாவம்டா. வீட்ல வெச்சிக் கட்ட முடியாம இங்க கொண்டாந்து கட்டிட்டாங்க போல."

இரக்கப்பட்டு ஒரு பன் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் திரும்பிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு, "மெர்சி" என்றார். நன்றி என்று பிரெஞ்சில் சொன்னது அவளுக்கும் தெரியும். "பைத்தியம் புடிச்சும் மரியாதை போவல பாரு" என்று கண் கலங்கினாள்.

மனித உடம்பில் கண்ணுக்குத் தெரியாத கரண்டு இருக்கிறதாம். தொட்டால் ரேம் செத்துப்போகுமாம். அதை ஜன்னல் வழியாக வெளியே அனுப்பத்தான் ஒயர். இதை லூர்தம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். "அப்பிடித்தான்டா சொல்லுவாங்க" என்றாள். தினமும் பன் போய்க்கொண்டிருந்தது.

முசே ரேமைச் சோதிக்கிற முறையே தனி. முதலில் தகட்டுச் சட்டையைக் கழற்றுவார். எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் சட்டையோடு இருப்பதை நம்ப மாட்டார். வெளியே ஒரே சட்டை, உள்ளே இந்த மாதம் ஒரு சில்லு, அடுத்த மாதம் வேறு சில்லு என்று மாற்றி வைத்து ஏமாற்றுகிறார்களாம். லூர்தம்மா ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பாக்கறாப்ல பாக்கறாரு" என்றாள். அவரைப் பற்றி அவள் சொன்னதில் சரியாக இருந்தது இது ஒன்றுதான்.

பிறகு கம்ப்யூட்டரில் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டி, ஒரு புரோகிராமை ஓடவிடுவார். அது மெமரி முழுக்க எதையோ எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். தப்பாக இருந்தால் திரையில் சிவப்பாக எரர் விழும். சோதனை ஓடும்போது அறையில் இருக்கும் ஒரே ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சுழலும். முசே வேர்வையில் குளித்துக்கொண்டிருப்பார். நடுநடுவே புறங்கையை ரேமுக்குப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சல் பார்ப்பார். ரேம் கொண்டுவந்த காலேஜ் பசங்கள் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது போல் வெளியே நிற்பார்கள்.

"என்னா ஆச்சு முசே?"

"ரெண்டு எரர்."

அவர்களில் ஒருவன் சுவரில் சாய்ந்துவிடுவான்.

அவரிடம் மூன்றே தீர்ப்புதான். ஓடும். ஓடாது. ஓடும், ஆனா நம்பாத. இந்த மூன்றைத்தான் இங்கிலீஷில் விரித்து இணையத்தில் எழுதுவார். அதைப் படிக்க எங்கெங்கோ ஆட்கள் காத்திருந்தார்களாம். பெங்களூரிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளிலேயே வந்து என்னிடம் கேட்டார், "முசேவோட லேப் எங்கங்க?" நான் கையைக் காட்டினேன். உள்ளே போனவர், ஜன்னலில் கட்டப்பட்டு பன் தின்றுகொண்டிருந்த ஒருவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மறுபடியும் கேட்டார், "லேப் எங்கங்க?"

கோடையில் ஃபேன் போதவில்லை. என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரு பாளம் ஐஸ் குடு."

"என்னா மீன் முசே?"

"மீன் இல்ல. மெமரி."

கம்ப்யூட்டரின் உள்பாகத்தையே பிளாஸ்டிக்கில் சுற்றி என் ஐஸ் பெட்டிக்குள் இறக்கினார். ஒயர் மட்டும் தட்டிக்கு மேலே ஏறி அவர் அறைக்குப் போனது. சங்கரா மீனுக்கு ஐஸ் எடுக்க வந்த லூர்தம்மா மூடியைத் திறந்து பார்த்து, "வெளிய வெச்சா கெட்டுப்பூடுமா முசே?" என்று கேட்டாள்.

"கெட்டுப்பூடும்" என்றார் முசே, தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முழு நம்பிக்கையோடு.

கொஞ்ச நேரம் ரேம் காற்றாகப் பறந்ததாம். அதுவரை அவர் பார்க்காத வேகமாம். பிறகு பிளாஸ்டிக்குக்குள் வேர்த்து, தண்ணீர் இறங்கி, பட் என்று ஒரு சத்தம். தெருவிளக்கு வரைக்கும் எல்லாம் அணைந்தது. மூன்றாவது வீட்டில் கிரைண்டர் போட்டிருந்த அம்மா மாவோடு ஓடிவந்தாள். இருட்டு அறையிலிருந்து அமைதியாகத் தீர்ப்பு வந்தது. "ஓடும், ஆனா நம்பாத."

இப்படி இருந்தவர் போர்டு வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில்தான் என் கதை வருகிறது.

உயர்ந்த ரக ரேமை ஒற்றையாகப் போட மாட்டார்கள். இரண்டு இரண்டாகத்தான் போடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தங்கமாக இருக்கும். சேர்த்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. எதற்கு எது சேரும் என்று பார்த்து ஜோடி சேர்ப்பதில் முசே கெட்டிக்காரர். அதற்குத்தான் கூட்டம் அதிகம். எதிர்ச்சாரியில் போர்டு எழுதும் பெயிண்டரைக் கூப்பிட்டு, "ரெண்டு ரெண்டா ஜோடி சேத்து, மேட்ச் ஆவுதான்னு பாக்கறோம். அதைத் தமிழ்ல எழுது" என்றார்.

பெயிண்டர் ஜோசியர்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் எழுதிப் பழகிய கை. மேலே பிள்ளையார் சுழி போட்டார். இரண்டு பக்கமும் இரண்டு மாலை வரைந்தார். நடுவில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இங்கு ஜோடிப் பொருத்தம் பார்க்கப்படும்.'

முசே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. போர்டைத் தூரத்தில் நின்று பார்த்து, "போன்" என்று பிரெஞ்சில் மெச்சிவிட்டு, " அழகா இருக்கு. பூ எதுக்கு?" என்றார்.

"ஜோடின்னா மாலை இல்லாம எப்பிடி முசே" என்றார் பெயிண்டர்.

அந்த வாரமே ஓர் அம்மாள் வந்து மஞ்சள் தடவிய காகிதம் ஒன்றை முசேவின் மேஜைமேல் வைத்தாள். சோதனை ஓடிக்கொண்டிருந்தது. முசே ஓரக்கண்ணால் பார்த்தார்.

"வாரண்டி பேப்பர் எல்லாம் எனக்கு வேணாம்மா. சரக்கைக் கொண்டா."

"சரக்கை எப்பிடிப்பா கொண்டார்றது. அது காலேஜ் போயிருக்கு."

"வந்ததும் கொண்டா. கையில எடுத்துப் பாக்காம நான் எதுவும் சொல்றதில்ல."

அந்த அம்மாள் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக வெளியேறினாள். நான் தயங்கித் தயங்கி உள்ளே போய், "முசே, போர்டைப் பாத்துட்டு ஜனங்க வேற மாதிரி..." என்று ஆரம்பித்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பேசாதே என்று கையை உயர்த்தினார். ஓடும் சோதனைக்கு நடுவில் பேசினால் எரர் வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. திரும்பி வந்துவிட்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தது என் அக்கா. நான் எங்கே பேசினேன். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து வந்ததால், மாப்பிள்ளை ஊமையா என்று கேட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் பார்வை இருக்கிறதா என்றும் கேட்டார்கள். கடைசியாக அரியாங்குப்பத்தில் தமிழரசி என்று ஒரு பெண். தையல் வேலைக்குப் போகிறவள். அங்கேயும் நான் பார்த்தது அவள் கால் கட்டைவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மட்டும்தான். எங்கே இடித்துக்கொண்டாளோ என்று நாள் முழுக்க அதே யோசனை. அவ்வளவு யோசனை நான் யாரைப் பற்றியும் செய்ததில்லை. அவள் வீட்டிலும் சரி என்றார்கள். பொருத்தம் மட்டும் பார்த்துவிட்டால் முடிந்தது.

அக்கா சொன்னாள், "இதுவும் போச்சின்னா, நீ அந்த ஐஸையே கட்டிக்க வேண்டியதுதான்."

இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு, நல்ல ஜோசியராகப் பார்க்கவும், அப்படியே மாப்பிள்ளை கடையைத் தூரத்திலிருந்து நோட்டம் விடவும் பெண்ணின் தாய்மாமன் பஸ் ஏறி வந்தார். எனக்கு அவரைத் தெரியாது. என் கடையைப் பார்த்தார். பக்கத்திலேயே பிள்ளையார் சுழியும் மாலையுமாகப் போர்டைப் பார்த்தார். வந்த வேலை இரண்டும் ஒரே இடத்தில் முடிகிறது என்று மகிழ்ந்து உள்ளே போனார். முசே திரையைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

தட்டி வழியாக ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

"ஐயா, ஜோடிப் பொருத்தம் பாக்கணும். நீங்கதான பாக்கறது?"

"பாண்டியில நான் ஒர்த்தன்தான். ரெண்டும் ஒரே எடமா?"

"இல்லீங்க. ஒண்ணு அரியாங்குப்பம். இன்னொண்ணு இங்கதான், பக்கத்து ஐஸ் கடை."

என் கையிலிருந்த ஐஸ் உடைக்கும் உளி அப்படியே நின்றது.

"வேற வேற எடமா?" முசே உச்சுக்கொட்டினார். "கஷ்டமாச்சே. ஒரே எடத்துல ஒரே நாள்ல பொறந்ததா இருந்தாதான் ஒழுங்கா சேரும்."

"ஒரே எடத்துல ஒரே நாள்லயா? அது அண்ணன் தங்கச்சி ஆயிடாதுங்களா?"

"அதான் வேணும். கூடப்பொறந்ததுன்னா கண்ணை மூடிக்கிட்டு சேத்துடலாம்."

தாய்மாமன் நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ரெண்டுக்கும் எட்டு வருசம் வித்தியாசங்க" என்றார்.

"எட்டா? எட்டு வருசத்துப் பழசை யாரு எடுக்கச் சொன்னது. தூக்கிக் குப்பையில போடு."

குப்பையில் விழ வேண்டியவன் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் என்ற ஒன்று இருப்பதே அப்போது நினைவில் இல்லை.

"பழசையும் புதுசையும் சேத்தா என்னா ஆவும் தெரியுமா?" முசே தொடர்ந்தார். "எது மெதுவோ, அதோட வேகத்துலதான் ரெண்டும் ஓடும். புதுசு வீணாப்பூடும். சரி, வந்துட்ட. ரெண்டுத்தோட சட்டையையும் கழட்டிடு, உள்ள என்னா இருக்குன்னு பாக்கறேன்."

"யாரு சட்டைய?"

"ரெண்டுத்தோடதும்தான். ஒரு நாள் எங்கிட்ட விட்டுட்டுப் போ. நல்லா சூடேத்திப் பாத்துட்டுச் சொல்றேன்."

நாற்காலி ஒன்று விழும் சத்தம் கேட்டது. தாய்மாமன் குடையை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முசே தட்டியைத் தட்டினார். "தம்பி, யாரோ ஒரு ஆளு. செட்டைக் குடுக்காமயே ஓடிட்டான்."

மறுநாள் அரியாங்குப்பத்திலிருந்து தகவல் வந்தது. சம்பந்தம் வேண்டாம். அப்படிப்பட்ட ஆள் பக்கத்தில் கடை வைத்திருப்பவனே வேண்டாம்.

அக்கா நேராக முசேவின் அறைக்குள் போனாள். அன்றைக்கும் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. முசே கையை உயர்த்தினார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"யோவ் முசே. என் தம்பியைக் குப்பையில போடச் சொல்றதுக்கு நீ யாரு?"

"நான் ரேமைச் சொன்னேம்மா."

"வெளிய என்னா எழுதி வெச்சிருக்க? பொருத்தம் பாக்கறேன்னு மாலை போட்டு எழுதிட்டு, ரேமாம் ரேமு. ஊர்ல ஜாதகம் வெச்சிருக்கறவன் எல்லாம் இங்கதான் வருவான்."

முசே எழுந்தார். கையில் கட்டிய ஒயர் ஜன்னல் வரைக்கும் இழுத்தது. அதை அவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து போர்டைப் பார்த்தார். தனக்குப் படிக்க வராத எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கல்யாணம் நின்றதற்காக என்றுதான் நான் நினைத்தேன். அதற்காகவும்தான். ஆனால் அவர் சொன்னது வேறு.

"டெஸ்ட் பண்ணாமயே ரிசல்ட் சொல்லிட்டேன். இத்தன வருசத்துல நான் அப்பிடிச் சொன்னதே இல்ல."

உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த சோதனையைப் பாதியில் நிறுத்தினார். வெளியே நின்ற காலேஜ் பசங்கள் மூச்சைப் பிடித்தார்கள். சட்டை மாற்றிக்கொண்டு, தாய்மாமனின் குடையை எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்.

அரியாங்குப்பத்தில் வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம். தாய்மாமன் வாசலை மறித்து நின்றார். முசே முதலில் குடையைக் கொடுத்தார். பிறகு பையிலிருந்து இரண்டு ரேமை எடுத்துக் காட்டி, ஜோடி என்றால் என்ன, சட்டை என்றால் என்ன, சூடு என்றால் என்ன என்று தெருவில் நின்றே விளக்கினார். அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தாய்மாமன் கோபம் பாதி இறங்கியது. மீதியைப் பிடித்துவைத்துக்கொண்டார்.

"சரிய்யா. அது தப்பாப் புரிஞ்சது. இது பொருந்துமா பொருந்தாதா, அது யாருக்குத் தெரியும்?"

"இப்பவே பாத்துடலாம்" என்றார் முசே. "ரெண்டு பேரையும் சேத்து ஓட்டிப் பாக்கணும்."

"யோவ்."

"ஒக்காத்தி வெக்கச் சொல்றேங்க. எதிர் எதிரா. அரை மணி நேரம். நீங்க எல்லாம் சுத்தி நில்லுங்க. எரர் விழுதான்னு நான் பாக்கறேன்."

எப்படித்தான் சம்மதித்தார்களோ. கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டார்கள். என்னை ஒன்றில் உட்கார வைத்தார்கள். தமிழரசி வந்து எதிரில் உட்கார்ந்தாள். முசே ஸ்டூலைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, திரையைப் பார்ப்பது போலவே கண் கொட்டாமல் எங்களைப் பார்த்தார். ஒருமுறை புறங்கையை என் காதுப் பக்கம் கொண்டுவந்து சூடும் பார்த்தார். வழக்கம்போல் நான் கீழேதான் பார்த்தேன். பிளாஸ்திரி இல்லை. விரல் ஆறியிருந்தது. அதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் பேசவில்லை. இந்த முறையும் போயிற்று, இனி ஐஸ்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

முசே எழுந்தார். "அரை மணி நேரம். ஒரு எரர் இல்ல."

"ரெண்டும் வாயே தொறக்கலியேய்யா" என்றார் தாய்மாமன்.

"தொந்தரவு இல்லாம ஓடுது. இதுக்கு மேல என்னா வேணும்."

அப்போதுதான் தமிழரசி சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல், சத்தமாகவே சிரித்துவிட்டாள். பிறகு முசேவைப் பார்த்துக் கேட்டாள்.

"மெதுவா இருக்கறதோட வேகத்துலதான் ரெண்டும் ஓடும்னு மாமா கிட்டச் சொன்னீங்களாமே. இதுல மெதுவு யாருங்க?"

முசேவுக்குப் பொய் வராது. என்னைக் காட்டினார்.

"தெரிஞ்சிதான் கேட்டேன்" என்றாள். "பரவால்ல. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

நான் நிமிர்ந்தேன். அவள் முகத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு முசே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டி முடித்ததும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தீர்ப்புச் சொல்லும் குரலில், "ஓடும்" என்றார். மேளக்காரர்கள் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தார்கள்.

மறுவருஷம் அவருடைய அண்ணன் வந்து அவரைப் பிரான்சுக்குக் கூட்டிப்போய்விட்டார். டீக்கடைக்குப் போகிற மாதிரிதான், "போறேன் தம்பி" என்றார். நானும், "சரிங்க முசே" என்றேன்.

எங்களுக்குப் பையன் பிறந்தான். அவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று தமிழரசி சொன்னாள். அப்போதுதான் தெரிந்தது, அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கு அறையை வாடகைக்கு விட்ட கட்டிடக்காரரைக் கேட்டேன். "முசேன்னுதான் கூப்புடுவேன்" என்றார். பெயிண்டரைக் கேட்டேன். போர்டில் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கடைசியில் லூர்தம்மாவைக் கேட்டேன்.

"இது தெரியாதாடா உனக்கு? ராமு. நீங்க எல்லாருமே ராமு முசே, ராமு முசேன்னுதான கூப்புட்டீங்க."

பையனுக்கு ராமு என்றே வைத்தோம். தப்பான பெயர் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் வைத்தோம். அவரை நினைத்துக் கூப்பிட எங்களிடம் வேறு பெயர் இல்லை.